காருக்கு ஏற்ற ஆயில் பில்டர்

சென்ற இதழில் டயர்களின் காற்றழுத்தத்தைப் பற்றிக் கண்டோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் நமக்கு மற்றொரு வினாவை எழுதியிருக்கின்றனர். "எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஆயில் பில்டரையும் மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். உதிரிப்பாகக் கடையில் கேட்டால் ஒரே காருக்கு நான்கு விலையில் நான்கு பில்டர்களை எடுத்து வைக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. இவற்றுள் எதனை வாங்குவது?" என்பதே அவ்வினா.

வினா சிறியதாகத் தோன்றினும் அதன் பின்னே நிற்கும் பொருள் சிறியதன்று. நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்குக் கார் என்பது ஆடம்பரமன்று. பல ஆண்டுகள் சேமித்தோ, வங்கியில் கடன் பெற்றோ வாங்கிய உடைமை அது. சிலருக்கு அதுவே பிழைப்பு. அந்தக் காரின் விலையில் பெரும் பங்கு எஞ்சினுக்கு உரியது. அந்த எஞ்சினைக் காப்பதோ சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு தகர டப்பா. நல்ல பில்டருக்கும் தரமற்ற பில்டருக்கும் உள்ள விலை வேறுபாடு பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். எஞ்சின் பழுதுபட்டால் ஆகும் செலவோ பல்லாயிரம். சில வேளைகளில் இலட்சத்தையும் தொடும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

பில்டர் செய்யும் பணி

எஞ்சினின் அடியில் சம்ப் எனப்படும் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள எண்ணெயை ஆயில் பம்ப் உறிஞ்சி, முதலில் பில்டருக்குள் செலுத்துகிறது. அங்கே வடிகட்டப்பட்ட பின்னரே எண்ணெய் கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் முதலிய சுழலும் உறுப்புகளுக்கும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் சென்று சேர்கிறது. சிறிய காரின் எஞ்சினில் இருப்பது மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெய்தான். கார் ஓடும்போது, ஒரு நிமிடத்திற்குள் அவ்வளவும் ஒரு முறைக்கு மேல் பில்டரைக் கடந்து வந்துவிடும்.

இந்தப் பயணத்தில் எண்ணெய் பல அழுக்குகளைச் சுமந்து வருகிறது. உறுப்புகள் தேய்வதால் உதிரும் உலோகத் துகள்கள், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி, காற்றோடு உள்ளே புகும் மண்துகள், நாட்பட்ட எண்ணெயில் திரளும் பிசுக்கு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நம் ஊர்ச் சாலைகளில் புழுதிக்குக் குறைவில்லை. மண்துகள் உலோகத்தைவிடக் கடினமானது. பேரிங்குக்கும் அதனுள் சுழலும் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் மயிரிழையிலும் மெல்லியது. அதனுள் ஒரு துகள் புகுந்துவிட்டால் அது உப்புத்தாள் போல் உலோகத்தைத் தேய்க்கத் தொடங்கும். அவ்வாறு தேய்ந்து உதிர்ந்த துகள் மேலும் பல இடங்களைத் தேய்க்கும். இந்தத் தொடரை அறுப்பதே பில்டரின் பணி.

பில்டரால் இயலாத பணிகளும் உண்டு. எண்ணெயில் கலந்த அமிலத்தையோ, நீரையோ, பெட்ரோலையோ அது பிரித்தெடுக்காது. எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள வேதிப்பொருள்கள் நாட்பட வலுவிழக்கும். அவற்றைப் பில்டர் மீட்டுத் தரமாட்டாது. எனவே, "விலையுயர்ந்த பில்டர் போட்டிருக்கிறோம், எண்ணெயை இன்னும் ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்" என்று எண்ணுதல் தவறு.

இது வந்த வரலாறு

தொடக்க காலக் கார்களில் ஆயில் பில்டர் என்பதே இல்லை. பம்புக்கு முன்னே ஒரு கம்பி வலை மட்டும் இருந்தது. அதனால் சில நூறு மைல்களுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றவேண்டியிருந்தது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் 1923இல் காருக்குரிய ஆயில் பில்டரை உருவாக்கினார். "பின்னரும் தூய எண்ணெய்" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரலேட்டர் என்று பெயரிட்டார். அக்காலத்துப் பில்டர்கள் எண்ணெயின் ஒரு சிறு பகுதியை மட்டுமே வடிகட்டின. எண்ணெய் முழுவதும் பில்டரைக் கடந்தே செல்லவேண்டும் என்னும் அமைப்பு பின்னரே பரவலாயிற்று. முழு டப்பாவையும் திருகிக் கழற்றிப் புதியதைத் திருகும் முறை 1950களில் வந்தது.

நம் நாட்டில் பழைய அம்பாசடர் கார்களை வைத்திருந்தோருக்கு வேறொரு முறை நினைவிருக்கலாம். அங்கே ஓர் இரும்புக் கிண்ணம் இருக்கும். அதனைக் கழற்றிக் கழுவி, உள்ளிருக்கும் வடிகட்டியை மட்டும் மாற்றுவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னர், திருகும் டப்பா நம் இல்லங்களுக்குப் பழக்கமாயிற்று. இப்பொழுது சில புதிய எஞ்சின்களில் பழைய முறையே திருந்திய வடிவில் திரும்பியிருக்கிறது. நிலையான உறை ஒன்று எஞ்சினிலேயே இருக்க, உள்ளே செருகும் மடிப்புக் காகிதத்தை மட்டும் மாற்றுகிறார்கள். இதனால் வீணாகும் இரும்பு குறைகிறது.

டப்பாவினுள் இருப்பவை

வெளியே ஒன்றுபோல் தோன்றும் டப்பாக்கள் உள்ளே வேறுபடுகின்றன. ஆதலால் உள்ளுறுப்புகளை அறிந்து வைத்தல் நலம்.

முதலாவது, வடிகட்டும் தாள். இது பிசினில் தோய்த்த சிறப்புக் காகிதமாகவோ, செயற்கை நுண்ணிழையாகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருக்கும். விசிறிபோல் மடித்து வட்டமாக அமைத்திருப்பார்கள். மடிப்புகள் சீராகவும் போதிய அளவிலும் இருந்தால்தான் அழுக்கைத் தாங்கும் பரப்பு மிகும். மலிவான பில்டர்களில் மடிப்புகளைக் குறைத்துவிடுவதுண்டு. அத்தகைய பில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு. டப்பாவின் முகத்தில் ஓரமாக வட்டமிட்டு இருக்கும் சிறு துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே செல்கிறது. நடுவிலுள்ள பெரிய துளை வழியாக வெளியே வருகிறது. எஞ்சினை நிறுத்தியதும் பில்டரிலுள்ள எண்ணெய் மீண்டும் சம்ப்புக்கு வடிந்துவிடாதபடி இந்த ரப்பர் அச்சிறு துளைகளை மூடிக்கொள்கிறது. இது பழுதானால், காலையில் எஞ்சினை இயக்கும்போது பில்டர் நிரம்பும் வரையில் சில வினாடிகள் உறுப்புகள் எண்ணெயின்றிச் சுழலும். காலையில் மட்டும் கேட்கும் ஒருவகைக் கடகட ஓசைக்கு இதுவும் ஒரு காரணம். சிலிக்கான் ரப்பர் வெப்பத்தை நன்கு தாங்கும். சாதாரண நைட்ரைல் ரப்பர் நாட்பட இறுகிவிடும். ஆயினும் உரிய காலத்தில் பில்டரை மாற்றுவோருக்கு அதுவும் போதுமானதே.

மூன்றாவது, பைபாஸ் வால்வு. தாள் அழுக்கால் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, எண்ணெய் தாளைக் கடக்க இயலாது. அவ்வேளையில் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையேனும் எஞ்சினுக்கு அனுப்பும். அழுக்கான எண்ணெய் எண்ணெயே இல்லாமையினும் மேலல்லவா? இந்த வால்வு எத்தனை அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பதை எஞ்சினை வடிவமைத்தோரே வரையறுக்கின்றனர். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினிலேயே இருக்கும். அவற்றுக்குரிய பில்டரில் இது இராது. அத்தகைய பில்டரை, எஞ்சினில் வால்வு இல்லாத வேறொரு காரில் மாட்டினால், தாள் அடைபடும் நாளில் எஞ்சினுக்கு எண்ணெயே செல்லாமற் போகக்கூடும்.

நான்காவது, டப்பாவின் முகத்திலுள்ள ரப்பர் வளையமாகிய கேஸ்கெட். எண்ணெய் வெளியே கசியாமல் காப்பது இதுவே.

விலையினும் முதன்மையானது எண்

இத்தனையும் கூறியதன் கருத்து இதுதான்: நல்ல பில்டர் என்பது முதலில் நம் எஞ்சினுக்கு உரிய பில்டர். எத்துணை உயர்ந்த தயாரிப்பாயினும், நம் எஞ்சினுக்கு உரியதன்று எனில் அது நமக்கு நல்ல பில்டர் ஆகாது.

ஒரே பெயருள்ள காரிலும் எஞ்சின் மாறியிருக்கலாம். நம் சாலைகளில் எங்கும் காணப்படும் ஸ்விப்ட் காரையே எடுத்துக்கொள்வோம். 2005இல் அது நம் நாட்டுக்கு வந்தபோது 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. 2007இல் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் சேர்ந்தது. அது 2020இல் நிறுத்தப்பட்டது. 2010இல் பெட்ரோல் எஞ்சின் 1.2 லிட்டராக மாறியது. 2024இல் வந்த புதிய வடிவில் மூன்று சிலிண்டர் எஞ்சின் இடம்பெற்றது. பெட்ரோல் எஞ்சினுக்குத் திருகும் டப்பா. அந்த டீசல் எஞ்சினுக்கோ உறையினுள் செருகும் காகித பில்டர். ஆகவே கடையில் சென்று "ஸ்விப்ட் காருக்கு ஒரு பில்டர்" என்று மட்டும் கேட்பது போதாது. காரின் ஆண்டு, எரிபொருள், எஞ்சினின் அளவு ஆகிய மூன்றையும் கூறவேண்டும். பதிவுச் சான்றின் படி ஒன்றைக் கையில் கொண்டு செல்வது இன்னும் நன்று. காருடன் தந்த கையேட்டிலும், கார் நிறுவனத்தாரின் உதிரிப்பாகப் பட்டியலிலும், முன்னர் அவர்கள் பணிமனையில் மாட்டிய பழைய பில்டரின் மீதும் உரிய எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

"அளவு ஒன்றுதான், மாட்டிப் பார்த்தேன், சரியாக ஏறுகிறது" என்று கூறுவோரும் உளர். இதனை நம்பலாகாது. திருகு மரை இரு வகையில் பெரிதும் வழங்குகிறது. ஒன்று 20 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். மற்றொன்று முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர் விட்டமுடையது. அங்குலத்திற்கு 16 மரைகள், அதாவது இடைவெளி ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. முக்கால் அங்குலத் தண்டின் மீது 20 மில்லிமீட்டர் பில்டரைத் திருகினால் அது ஏறியும் விடும். இறுகியது போன்றும் தோன்றும். ஆனால் மரைகள் ஒன்றையொன்று முழுமையாகப் பற்றியிருப்பதில்லை. எண்ணெய் அழுத்தம் மிகும்போது அது பிடி தளர்ந்துவிடும்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இதுவே நேர்ந்தது. குடும்பத் தலைவர் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டி வந்தார். வழியில் ஒரு கடையில், "இதுவும் பொருந்தும்" என்று கூறி விற்ற பில்டரை வாங்கி மாட்டினார். ஐம்பது ரூபாய் மிச்சம். நான்காம் நாள் திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் பில்டர் தளர்ந்து எண்ணெய் பீறிட்டது. முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த ஊர் அருகில்தான் இருக்கிறது என்று அவர் மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினார். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அதனைப் பிரித்துச் சீர்செய்ய, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு எடுத்து வைத்திருந்த தொகை போயிற்று. அன்றியும் ஒரு மாத காலம் வருவாய் இல்லை. கடைக்காரரிடம் கேட்கச் சென்றபோது, "எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றனர். ரசீது வாங்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு செய்திகளைக் கற்பிக்கிறது. விலை குறைவெனினும் ரசீது பெறுதல் முதலாவது. ஓட்டும்போது எண்ணெய்க் குடத்தின் உருவம் தாங்கிய சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடவேண்டும் என்பது இரண்டாவது. வீட்டில் வேறு யார் காரை ஓட்டினாலும் இதனை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லி வைக்கவேண்டும்.

மைக்ரான் கணக்கு

சில பில்டர்களின் அட்டைப்பெட்டியில் "99 விழுக்காடு வடிகட்டும்" என்று அச்சிட்டிருப்பார்கள். எந்த அளவுள்ள துகளில் 99 விழுக்காடு என்று கூறாவிடில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. துகளை அளக்கும் அலகு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் குறைந்த துகளைக் கண்ணால் காண்பது அரிது. எஞ்சினுக்குத் தீங்கு விளைப்பனவோ பெரும்பாலும் அதனினும் சிறியவை.

1988இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த பொறியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 40 மைக்ரான் பில்டருடன் ஒப்பிடும்போது, 30 மைக்ரான் பில்டர் எஞ்சினின் தேய்மானத்தை 50 விழுக்காடும், 15 மைக்ரான் பில்டர் 70 விழுக்காடும் குறைத்தன என்று அதில் கண்டனர். ஆகவே நுண்ணிய பில்டர் நல்லதே. எனினும் நுண்மை ஒன்றையே நாடலாகாது. போதிய பரப்பின்றி நுண்மையை மட்டும் கூட்டினால் தாள் விரைவில் அடைபட்டு, பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயே ஓடும். நுண்மை, அழுக்கைத் தாங்கும் அளவு, எண்ணெய் தடையின்றிச் செல்லும் இயல்பு ஆகிய மூன்றும் இணைந்திருத்தல் வேண்டும். இவற்றைச் சோதித்தறிவதற்கு ஐ.எஸ்.ஓ. 4548 என்னும் உலகத் தரமுறை உண்டு. அதன்படி சோதித்த அளவை மைக்ரானோடு சேர்த்து வெளியிடும் தயாரிப்பாளரை நம்பலாம்.

டீசல் கார் வைத்திருப்போர் ஒன்றை மனத்திற் கொள்க. புதிய எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடும். இதனைக் கண்டு பில்டர் போலி என்று முடிவு செய்யவேண்டா. டீசல் புகைக்கரியின் துகள்கள் மிகமிக நுண்ணியவை. எந்தச் சாதாரண பில்டரிலும் அவை நில்லா. அவற்றைத் திரளவிடாமல் தன்னுள் தாங்குவது எண்ணெயின் பணி.

எந்தத் தயாரிப்பு?

கார் நிறுவனத்தாரின் பெயரில் வரும் உண்மையான பில்டரை வாங்குதல் கவலையற்ற வழி. மாருதி சுசூகி தன் பெயரிலும், ஹூண்டாய் மோபிஸ் என்னும் பெயரிலும் உதிரிப்பாகங்களை விற்கின்றன. உத்தரவாதக் காலம் முடியும் வரையில் இதனையே மேற்கொள்ளுதல் நன்று. கார் நிறுவனத்தார் பெரும்பாலும் பில்டரைத் தாமே செய்வதில்லை. பில்டர் செய்யும் நிறுவனங்களிடம் வாங்கித் தம் பெயரை அச்சிடுகின்றனர். அந்நிறுவனங்கள் அதே வகைப் பில்டரைத் தம் சொந்தப் பெயரிலும் சற்றுக் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. உத்தரவாதக் காலம் கடந்த கார்களுக்கு இவை தக்கவை. பெயரும் முகவரியும் அறியப்படாத தயாரிப்பை, விலை எத்துணை குறைவாயினும் விலக்குக.

போலியைக் கண்டறிதல்

புகழ்பெற்ற பெயர்களிலேயே போலிகள் வருகின்றன என்பதுதான் பெரிய இடர். பழைய டப்பாவைக் கழுவி, வர்ணம் பூசி, புதிய பெட்டியில் வைத்து விற்போரும் இருக்கின்றனர். சென்னை ஜெனரல் பீட்டர்ஸ் சாலை போன்ற பெரிய உதிரிப்பாகச் சந்தையில் வாங்கினாலும், சிற்றூர்க் கடையில் வாங்கினாலும், பின்வருவனவற்றை நோக்குதல் நலம்.

பெட்டியின் மீது தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், நுகர்வோர் தொடர்பு விவரமும் இருக்கவேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதனைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அச்சு மங்கலாகவோ எழுத்துப் பிழையோடோ இருந்தால் ஐயம் கொள்க. பெட்டியிலுள்ள எண்ணும் டப்பாவிலுள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அச்சிட்ட விலையில் பாதிக்குத் தருகிறேன் என்றால், அந்தப் பரிவுக்குக் காரணம் என்ன என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

டப்பாவைக் கையில் எடுத்து, மெல்ல அசைத்துப் பார்க்கவும். உள்ளே எதுவும் கழன்று ஆடலாகாது. மரைகள் கூர்மையாகவும் தூய்மையாகவும் இருக்கவேண்டும். கேஸ்கெட் தன் பள்ளத்தில் சீராக அமர்ந்திருக்கவேண்டும். ஓரத்துச் சிறு துளைகளை உற்று நோக்கினால் உள்ளே ரப்பர் வால்வு தெரியும். அது தெரியவில்லையெனில், அல்லது சுருங்கிக் கோணியிருந்தால், வாங்கவேண்டா. பழைய பில்டரையும் உடன் கொண்டு சென்றால் ஒப்பிடுவது எளிது.

இவ்வளவு செய்தும், உள்ளிருக்கும் தாளின் தரத்தை வெளியிலிருந்து அறிய வழியில்லை. ஆதலால் நம்பத்தக்க கடையும், கையிலுள்ள ரசீதுமே இறுதிக் காப்பு. போலிப் பெயரில் விற்றல் 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஏமாற்றப்பட்டோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ரசீது இருந்தால் முறையீடு வலுப்பெறும்.

பொருத்தும்போது

நல்ல பில்டரை வாங்கிவிட்டால் மட்டும் போதாது; அது செவ்வனே பொருத்தப்படவும் வேண்டும். பணிமனையில் காரை விட்டுவிட்டுச் செல்லாமல், இயன்றால் அருகில் நின்று காண்க.

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் கேஸ்கெட்டும் உடன் வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மீதே புதிய பில்டரைத் திருகினால், இரட்டைக் கேஸ்கெட் நில்லாது. எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். அமரும் இடத்தைத் தூய துணியால் துடைத்து, புதிய கேஸ்கெட்டில் விரலால் சிறிது புதிய எண்ணெயைத் தடவவேண்டும். பின்னர்க் கையால் திருகி, கேஸ்கெட் எஞ்சினைத் தொட்டதும், பில்டரின் மேல் குறித்துள்ள அளவு, பெரும்பாலும் முக்கால் சுற்று, மேலும் திருகினால் போதும். இறுக்கமாக இருக்கட்டும் என்று கருவியால் முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கும். அடுத்த முறை கழற்றுவதும் கடினம். உறையினுள் செருகும் வகையாயின், மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். மூடியைக் குறித்த அளவுக்கே இறுக்கவேண்டும். அது பிளாஸ்டிக்காக இருந்தால் மிகையாக இறுக்கியதும் விரிசல் கண்டுவிடும்.

முடிந்ததும் எஞ்சினை இயக்கி, சிவப்பு விளக்கு அணைகிறதா என்றும், பில்டரின் ஓரத்தில் கசிவு உண்டா என்றும் நோக்கவேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து எண்ணெய் மட்டத்தை அளக்கவேண்டும். புதிய பில்டர் தன்னுள் சிறிது எண்ணெயை வாங்கிக்கொள்ளும். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிச் சரிசெய்க.

எப்பொழுது மாற்றுவது?

கையேட்டில் கூறியுள்ளபடி மாற்றுவதே முறை. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்பொழுது. புழுதி மிகுந்த சாலை, நெரிசலான நகர ஓட்டம், நாள்தோறும் ஓரிரு கிலோமீட்டர் மட்டும் செல்லும் குறும்பயணம் ஆகியவை கடுமையான பயன்பாடு என்று கணக்கிடப்படும். அவற்றுக்குக் கையேட்டிலேயே குறைந்த காலம் குறித்திருப்பார்கள். "கார் வீட்டிலேயேதான் நிற்கிறது, எண்ணெய் எதற்கு?" என்போர், ஓடாவிடினும் எண்ணெய் மூப்படையும் என்பதை மறந்துவிடலாகாது. எண்ணெயை மாற்றிப் பழைய பில்டரையே விட்டுவிடும் சிக்கனமும் வேண்டா. அழுக்குப் படிந்த பில்டரில் தங்கியுள்ள பழைய எண்ணெய், புதிய எண்ணெயோடு கலந்துவிடும்.

பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியோருக்கு ஒரு யோசனை: முதல் முறை மாற்றும்போது, கழற்றிய பில்டரை அறுத்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்கவும். மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால், உலோகப் பொடி மின்னுகிறதா என்பது தெரியும். சிறிதளவு இயல்பே. செதிள் செதிளாக மிகுதியாக இருந்தால், பேரிங்குகள் தேய்கின்றன என்பதற்கு அது முன்னறிவிப்பு.

கழற்றிய பில்டர்

ஒரு முறை மாற்றும் பழைய எண்ணெய், 10 இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் கூறுகிறது. கழற்றிய பில்டரிலும் எண்ணெய் தங்கியிருக்கும். அதனைக் கிணற்றோரத்திலோ, சாக்கடையிலோ, குப்பை மேட்டிலோ எறிதல் அயலாரின் குடிநீரில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய எண்ணெய் தீங்கு பயக்கும் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சென்று சேரவேண்டும். வீட்டிலேயே மாற்றுவோர், பில்டரைக் கவிழ்த்து ஒரு பகல் முழுவதும் வடியவிட்டு, எண்ணெயைப் பழைய டப்பாவில் மூடி, முறையாகச் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்கலாம். செல் அரிக்காதிருக்க இதனைக் கதவு நிலைகளிலும் கொட்டகைக் கால்களிலும் பூசும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. குழந்தைகள் தொட்டு விளையாடும் இடங்களில் இதனைச் செய்யவே கூடாது. தோலுக்கு இது தீங்கானது.

இறுதியாக ஒரு சொல். இன்று மாலையே காரின் கையேட்டை எடுத்து, உரிய பில்டரின் எண், எண்ணெயின் வகையும் அளவும், கடைசியாக மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து, முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியில் வைத்துவிடுக. ரசீதுகளையும் அதனுள்ளேயே சேர்த்து வைக்கலாம். குடும்பத் தலைவர் ஊரில் இல்லாத நாளில் இல்லத்தரசியோ பிள்ளைகளோ காரைப் பணிமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தாலும், அந்த நோட்டைப் பார்த்து உறுதியோடு கேட்டு வாங்க இயலும். எதைக் கேட்பது என்று அறிந்து வருவோரிடம் கடைக்காரர் வேறொன்றைத் தள்ளிவிட முயல்வது அரிது.

எண்ணெயில் மண்துகள் சேராதிருக்க, அது முதலில் காற்றோடு எஞ்சினுள் புகாதிருக்கவேண்டும். அதனைத் தடுப்பது ஏர் பில்டர். அதனைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.